ஹாம்பர்க்கில் ஐந்து நண்பர்களுக்கு மூன்றரை நாள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஐந்து நண்பர்கள். இருவர் பிரவுன்ஷ்வைக்கில் படிக்கிறீர்கள், இருவர் ஸ்டுட்கார்ட்டில் வேலையில் இருக்கிறார்கள், ஒருவர் லண்டனிலிருந்து விமானத்தில் வருகிறார். மே மாதத்தில் கிறிஸ்துவின் விண்ணேற்ற நாள் வியாழக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு எடுத்தால், வியாழன் மதியம் முதல் ஞாயிறு மாலைவரை ஹாம்பர்க்கில் இருக்கலாம். பதினான்கு இடங்களை எழுதி, எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் இரண்டு விஷயங்களையும் சேர்த்திருக்கிறீர்கள்: ஒருவர் முட்டைகூடத் தொடாத சைவம், இருவர் எண்ணித்தான் செலவு செய்யவேண்டும். எனக்கு அந்த இரண்டு வரிகள்தான் கேள்வியாகப் படுகின்றன. இடங்களை வரிசைப்படுத்த ஒரு வரைபடம் போதும். பசியும் பர்ஸும் தூக்கமும் வேறுவேறாக இருக்கும் ஐந்து பேரை ஒரே அட்டவணையில் கட்டிப்போடுவதுதான் கடினம்.

நான் இந்த ஊரில் ஒரு நடுத்தர விடுதியின் வரவேற்பு மேசையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமை சிரித்துக்கொண்டே உள்ளே வரும் குழு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சியாகப் பிரிந்து சாவியைத் திருப்பிக் கொடுப்பதை அடிக்கடி பார்க்கிறவன். இந்தப் பதில் அந்த மேசைக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டது.

இடங்களுக்குப் போகும் முன் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். லண்டன் நண்பர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், அவரிடம் ஷெங்கன் விசா இருக்கிறதா? பிரிட்டனில் வசிக்கும் உரிமை இருந்தால் ஜெர்மனிக்குள் வந்துவிடலாம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி வர முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாளாவது முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. விதியில் இருப்பது இவ்வளவுதான், ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதுதான் உண்மையில் தாமதமாகும். இது முடியும்வரை மற்ற எதற்கும் திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டாதீர்கள்.

ஜெர்மனியிலேயே வசிக்கும் நீங்கள் நால்வரும் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து வாருங்கள். 2025 ஜனவரி முதல் விடுதியில் பதிவுப் படிவம் நிரப்பும் கடமை ஜெர்மன் குடிமக்களுக்கு இல்லை, வெளிநாட்டவருக்கு இன்னும் இருக்கிறது. ‘பாஸ்போர்ட் அறையில் பத்திரமாக இருக்கிறது, போனில் படம் இருக்கிறது’ என்று மாணவர்கள் மேசைக்கு முன்னால் நின்று சொல்வது வாரந்தோறும் நடக்கிறது. சில இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள், சில இடங்களில் மாட்டார்கள். இரவு பதினோரு மணிக்கு அதைச் சோதித்துப் பார்ப்பானேன்?

அடுத்தது தேதி. விண்ணேற்ற நாள் வார இறுதி என்பது ஜெர்மனி முழுவதும் பெட்டி கட்டும் நாள்கள். வியாழக்கிழமை தந்தையர் தினமும்கூட. கைவண்டியில் பீர்ப் பெட்டிகளை ஏற்றி இழுத்துக்கொண்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் பூங்காக்களுக்குப் போவார்கள். பெரும்பாலும் தொந்தரவில்லாத கூட்டம்தான், மாலை ஆக ஆகச் சத்தம் ஏறும். இதோடு மே மாதத் தொடக்கத்தில் ஹாம்பர்க் துறைமுகத்தின் பிறந்தநாள் விழா வரும். 1189ஆம் ஆண்டு மே 7 என்று சொல்லப்படும் ஒரு சாசனத்தை வைத்துக் கொண்டாடுகிறார்கள். 2024இல் இரண்டும் ஒரே வார இறுதியில் விழுந்தன. உங்கள் ஆண்டில் அப்படி விழுகிறதா என்று முதலில் பாருங்கள். விழுந்தால் அறை வாடகை எகிறும், படகுத்துறையில் நிற்க இடம் இருக்காது. செலவைக் கணக்குப் பார்க்கும் இருவருக்காகவே அந்த ஆண்டு வேறு வார இறுதியைத் தேர்ந்தெடுப்பேன்.

வியாழனும் ஞாயிறும் கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளும் காலை நேர பேக்கரிகளும் விதிவிலக்கு. ஸ்டுட்கார்ட்காரர்கள் புதன்கிழமை மாலையே வழியில் தின்ன வாங்கிக்கொள்ளட்டும். நிலையக் கடைகளில் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடக் கூடுதல் விலை.

எங்கே தங்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது: ஆல்டோனா. மத்திய ரயில் நிலையத்தின் வாசலிலேயே அறை தேடுவது எல்லோருடைய வழக்கம். அந்தப் பகுதி இரவில் சலசலப்பானது, வாடகையும் குறைவில்லை. ஹாமர்புரூக்கில் சங்கிலி விடுதிகள் மலிவு, நிலையத்திலிருந்து எஸ்-பான் எனப்படும் நகர ரயிலில் ஒரு நிறுத்தம்தான். ஆனால் அது அலுவலகப் பகுதி, மாலை ஆறு மணிக்கு மேல் தேநீர் குடிக்கக்கூட அலையவேண்டும். ஆல்டோனா ஊராக வாழ்கிற இடம். துறைமுகத்துக்கு எஸ்-பானில் மூன்று நிறுத்தம், ஞாயிற்றுச் சந்தைக்கு நடந்தே போகலாம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று கடைசி நாளில் தெரியும், அங்கே சொல்கிறேன். தனியார் வீடு எடுப்பதாக இருந்தால் விளம்பரத்தில் ஹாம்பர்க் நகரம் தரும் வீட்டுப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாத விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். ஐந்து பேருக்கு ஓர் அறையைவிட, மூவருக்கு ஒன்று இருவருக்கு ஒன்று எடுப்பது நல்லது. குறட்டை விடுபவர் யார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பயணச்சீட்டில் ஒரு வீண்செலவைத் தவிர்க்கலாம். ஐந்து பேர் என்றதும் குழு டிக்கெட்டும் சுற்றுலா அட்டையும் வாங்கத் தோன்றும். ஜெர்மனியில் இருக்கும் உங்கள் நால்வரிடமும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுவதும் உள்ளூர் வண்டிகளுக்கும் மண்டல ரயில்களுக்கும் செல்லும் மாத டிக்கெட்) இருந்தால், ஹாம்பர்க்கின் பஸ், மெட்ரோ, எஸ்-பான், துறைமுகப் படகு எல்லாம் அதிலேயே அடக்கம். லண்டன் நண்பர் ஒருவருக்கு மட்டும் நாள் டிக்கெட் போதும். பிரவுன்ஷ்வைக்கிலிருந்து வருவதற்கும் அதே டிக்கெட் செல்லும், மண்டல ரயிலில் மாறி மாறி வரவேண்டும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மண்டல ரயிலில் வருவது தண்டனை. அவர்கள் விரைவு ரயிலுக்கு இப்போதே மலிவுக் கட்டணத்தில் பதிவு செய்யட்டும். அந்த டிக்கெட் ஒரே ரயிலுக்குத்தான் செல்லும் என்றாலும், போய்ச் சேர இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்துவிட்டால் வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திரும்பக் கேட்கலாம். கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

இப்போது உங்கள் பதினான்கு இடங்கள். பெர்லினை அடித்துவிடுங்கள். ஒரு நாளில் போய்வந்தால் ரயில் பெட்டியைத்தான் பார்த்திருப்பீர்கள். மீதியில் நான் வைக்கும் விதி ஒன்றே ஒன்று: கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட காரியம் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து பேரில் யாராவது ஒருவர் எப்போதும் சார்ஜரைத் தேடிக்கொண்டிருப்பார். ஒரு நாளில் மூன்று நேரப் பதிவுகள் இருந்தால் மற்ற நால்வரும் அவர் மேல் எரிந்து விழுவார்கள்.

வியாழக்கிழமைக்கு எந்தப் பதிவும் வேண்டாம். லண்டன் நண்பர் விமான நிலையத்திலிருந்து எஸ்1 ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் நகர மையம். திரும்பிப் போகும்போது மட்டும் முன்பக்கப் பெட்டிகளில் உட்கார வேண்டும். ஓல்ஸ்டோர்ஃப் நிலையத்தில் ரயில் இரண்டாகப் பிரியும், பின்பாதி வேறு பக்கம் போய்விடும். எல்லோரும் வந்து சேர்ந்து சாப்பிட்டு முடிக்க மாலை ஆகிவிடும். அப்போது லாண்டுங்ஸ்புரூக்கன் படகுத்துறைக்குப் போய், ஆற்றுக்கு அடியில் போகும் பழைய எல்பே சுரங்கப்பாதைக்குள் இறங்குங்கள். 1911இல் கப்பல் கட்டும் தளங்களின் தொழிலாளர்களுக்காகத் திறந்தது. நடந்து போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. குவிமாடக் கட்டடத்துக்குள் நுழைந்தால் கிணறுபோல் வட்டமாக இறங்கும் இடம், பழங்கால லிஃப்ட், பக்கத்தில் படிக்கட்டு. இருபத்து நான்கு மீட்டர் கீழே போனதும் காற்று குளிர்ந்துவிடும். வெளிர் ஓடு பதித்த சுவரில் இடையிடையே மீனும் நண்டும் புடைப்பாக வடித்திருப்பார்கள். சைக்கிள் மணி ஒன்று அடித்தால் 426 மீட்டர் நீளக் குழாய் முழுவதும் அது ஓடும். மறுகரையில் ஏறி இடப்பக்கம் நடந்தால் ஒரு மேடை, அங்கிருந்து முழு நகரமும் எதிரே. மே நடுவில் சூரியன் மறைய இரவு ஒன்பதே கால் ஆகும், அவசரம் இல்லை. உங்கள் பட்டியலில் இந்தச் சுரங்கம் இல்லை. இருந்த மூன்று பார்வைக் கோபுரங்களில் இரண்டை எடுத்துவிட்டு இதைச் சேர்ப்பேன்.

வெள்ளிக்கிழமையின் ஒரே கடிகாரக் காரியம் மினியாட்டூர் வுண்டர்லாண்ட். 2001இல் திறந்த இந்தச் சிற்றுருவ ரயில் உலகத்தைக் குழந்தைகள் இடம் என்று உங்களில் ஒருவர் ஒதுக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே போனதும் கடைசியாக வெளியே வருபவர் அவராகத்தான் இருப்பார். கால் மணிக்கு ஒருமுறை அரங்கம் இருண்டு, நகரங்களில் விளக்கு எரியும். மாதிரி விமான நிலையத்தில் விமானங்கள் ஓடி ஏறும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த வார இறுதியில் நுழைவு நேரங்கள் வெகு முன்பே தீரும், ஆகவே விசா உறுதியானதும் செய்யவேண்டிய முதல் பதிவு இது. காலையில் முதல் நேரமோ இரவில் கடைசி நேரமோ கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், கூட்டமும் குறைவு.

அது இருப்பதே ஷ்பைஷர்ஷ்டாட் கிடங்கு நகரத்துக்குள். 1883இல் கட்டத் தொடங்கினார்கள். அதற்காக அங்கே குடியிருந்த சுமார் 20,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள் என்பதைச் சுற்றுலா வழிகாட்டிகள் சட்டென்று கடந்துபோய்விடுவார்கள். காப்பியும் தேயிலையும் மசாலாவும் கம்பளமும் வரி இல்லாமல் தேங்கிக் கிடந்த செங்கல் மாளிகைகள் இவை. பக்கத்து அலுவலகக் கட்டடப் பகுதியோடு சேர்த்து 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அந்தப் பகுதியில் சிலேஹவுஸ் என்ற கட்டடத்தின் கிழக்கு முனையை மட்டுமாவது பாருங்கள், கப்பலின் முகப்பு செங்கல்லில் வந்து நிற்பதுபோல் இருக்கும்.

படகுச் சவாரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், உங்கள் பணம் வீணாகக்கூடிய இடம் அது. கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் எல்பே ஆற்றில் ஏற்ற இறக்கம் உண்டு. நாளுக்கு இருமுறை நீர்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் வற்றினால் கிடங்குகளுக்கு நடுவே இருக்கும் கால்வாயில் சேறுதான் தெரியும். மிகவும் ஏறினால் படகு பாலத்துக்கு அடியில் நுழையாது. படகுத்துறையில் கூவி அழைப்பவர்கள் இதை வலியச் சொல்லமாட்டார்கள். ‘இந்த நேரத்துப் படகு கால்வாய்க்குள் போகுமா?’ என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் டிக்கெட் வாங்குங்கள். பெரிய கப்பல்களில் ஏறினால் எந்த நேரத்திலும் கால்வாய் கிடையாது, பார்காஸே எனப்படும் தாழ்ந்த சிறு படகுகள்தான் உள்ளே போகும். செலவைக் குறைக்க நினைக்கும் இருவரும் இதை விட்டுவிடலாம், ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேறு படகு இருக்கிறது.

மாலையில் எல்ப்ஃபில்ஹார்மோனி. அரசுக்கு 77 மில்லியன் யூரோ செலவாகும் என்று தொடங்கி 789 மில்லியனில் முடிந்து, 2017 ஜனவரியில் திறந்த கச்சேரி அரங்கம். பல ஆண்டுகள் ஊரே திட்டித் தீர்த்தது, இப்போது விருந்தினரை முதலில் அங்கேதான் அழைத்துப்போகிறது. கச்சேரி டிக்கெட் இல்லாமலும் 37 மீட்டர் உயரத்தில் இருக்கும் திறந்த தளத்துக்குப் போகலாம். நுழைவு விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் முன் அவர்களுடைய தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் பொக்கன்முயூலன் பாலத்தில் நின்றால், இரண்டு கால்வாய்களுக்கு நடுவே விளக்கேற்றிய நீர்மாளிகை தெரியும். படம் எடுக்க அங்கே எப்போதும் வரிசை.

சனிக்கிழமை பிரிந்துவிடுங்கள். காலையிலிருந்து மாலைவரை ஐந்து பேரும் சேர்ந்திருக்கக் கூடாது என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். எழுதிவிட்டால் அது மனத்தாங்கலாக ஆகாது. தூங்க விரும்புபவர் தூங்கட்டும். ஓவியம் பிடித்தவர் குன்ஸ்ட்ஹாலேவுக்குப் போகட்டும். மூடுபனிக் கடலைப் பார்த்து முதுகு காட்டி நிற்கும் மனிதனை வரைந்த காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கின் புகழ்பெற்ற படம் அந்தக் காட்சிக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கையில் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருப்பவர்கள் முக்கால் மணி நேரத்தில் லூபெக் போகலாம். ஹோல்ஸ்டன் வாசலும் மார்சிபான் என்ற பாதாம் இனிப்பும் பழைய நகரமும் சேர்ந்து அரை நாள். காசு செலவழிக்காமல் சுற்ற விரும்புபவருக்கு ஷான்சன் பகுதியில் சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தை இருக்கிறது. நான் போவதாக இருந்தால் புனித நிக்கோலஸ் ஆலயத்தின் எஞ்சிய கோபுரத்துக்குப் போவேன். 1943 ஜூலைக் குண்டுவீச்சில் ஆலயம் அழிந்து கோபுரம் மட்டும் நின்றது, அப்படியே நினைவிடமாக விட்டுவைத்திருக்கிறார்கள். ஐந்து பேராகப் பேசிக்கொண்டு போகும் இடம் அல்ல அது.

இரவு ரீப்பர்பான் என்ற கேளிக்கைத் தெருவுக்குப் போவீர்கள், கேட்கத் தேவையில்லை. இரவு வாழ்க்கை என் துறை இல்லை. எந்த மது விடுதி நன்று என்பதை அங்கே போகிறவர்களிடம் கேளுங்கள். மறுநாள் காலை மேசைக்கு வரும் புகார்களிலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். தெருவில் நின்று அழைப்பவர் பின்னால் உள்ளே போகாதீர்கள், விலைப்பட்டியல் பார்க்காமல் உட்காராதீர்கள். வார இறுதி இரவுகளில் அந்தத் தெருவில் கண்ணாடிப் பாட்டில் கையில் இருக்கக் கூடாது. ரயிலிலும் பஸ்ஸிலும் மது அருந்துவதற்குத் தடை உண்டு. அங்கே வேலை செய்யும் பெண்களைப் படம் எடுக்காதீர்கள். வெள்ளி, சனி இரவுகளில் ரயில் விடியவிடிய ஓடும், டாக்சி தேவைப்படாது. பீட்டில்ஸ் குழு 1960இல் வாசிக்க வந்த குரோஸே ஃபிரைஹைட் தெரு அங்கேயே கிளை பிரிகிறது.

சைவ நண்பரின் சாப்பாடு நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை, ஆனால் சந்தேகம் இல்லாததுபோல் தோன்றும் பண்டங்களில்தான் சிக்கல். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கலந்திருப்பது இங்கே சாதாரணம். பருப்பு சூப்பில் தொத்திறைச்சியோ எலும்புச் சாறோ இருக்கும். இங்கே சைவம் என்று சொன்னால் முட்டை அடங்கும், ஆகவே வீகன் (முட்டை, பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது) என்று குறித்ததைக் கேட்பதே சுருக்கு வழி. இந்த ஊரில் அது ஏராளம். மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஷ்டைன்டாம் தெருவில் துருக்கி, ஆப்கான் உணவகங்களில் பருப்பும் கத்திரிக்காயும் ரொட்டியும் வயிறு நிறையக் கிடைக்கும், விலையும் குறைவு. ஒரு வேளையாவது ஐந்து பேரும் அங்கே சாப்பிடுங்கள். சனிக்கிழமை இரவுக்கு மட்டும் எங்காவது மேசை பதிவு செய்யுங்கள், ஐந்து பேர் திடீரென்று போய் நின்றால் இடம் கிடைக்காது.

பணம் பற்றி. உணவகத்தில் சேர்த்தா தனித்தனியா என்று அவர்களே கேட்பார்கள், தனித்தனி என்று சொல்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பரிமாறுபவர் பொறுமையாக ஒவ்வொருவரிடமும் வாங்கிக்கொள்வார். பொதுச் செலவுக்கு முதல் நாளே ஆளுக்கு ஒரே தொகையைப் போட்டு ஒருவர் கையில் கொடுங்கள். அதில் அறையும் வுண்டர்லாண்டும் ஒரு இரவுச் சாப்பாடும் மட்டும் அடங்கட்டும், மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். இப்படிச் செய்தால் மீன் ரொட்டி தின்றவரின் கணக்கில் சைவக்காரர் பங்கு போடவேண்டியதில்லை. கொஞ்சம் ரொக்கமும் வேண்டும், சிறு கடைகளில் அட்டை வாங்கமாட்டேன் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் சந்தை. கோடையில் ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும். இரவெல்லாம் விழித்திருந்து நேராக அங்கே போவது இளைஞர்களின் வழக்கம். அப்படிப் போனவர்கள் எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. எட்டு மணிக்குப் போங்கள். முடியும் நேரம் நெருங்க நெருங்க வியாபாரிகளின் குரல் ஏறும், விலை இறங்கும், கூடை நிறையப் பழத்தை உங்கள் கையில் திணிப்பார்கள். விமானம் ஏறும் நண்பர் வாங்க வேண்டாம். 1896இல் கட்டிய மீன் ஏலக்கூடத்துக்குள் அந்த நேரத்தில் ராக் இசை முழங்கும், வயதான தம்பதிகள் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

சந்தைக்குப் பக்கத்துப் படகுத்துறையிலேயே 62ஆம் எண் படகு வரும். இதுதான் நான் சொன்ன வேறு படகு. நகரப் போக்குவரத்தின் ஒரு பகுதி, உங்கள் டிக்கெட்டே செல்லும். மேல்தளத்தில் காற்று பலமாக அடிக்கும், குடை உதவாது, தொப்பி வைத்த மழைச்சட்டை வேண்டும். நொய்முயூலன் துறையில் இறங்கினால் ஓவெல்கோனே மணற்கரை. 1999இல் ஆற்றைத் தூர்வாரும்போது கிடைத்த 217 டன் பாறை ஒன்றைக் கரையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். எதிர்க்கரையில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கும் பாரந்தூக்கிகள் ஞாயிற்றுக்கிழமையும் ஓயாது. தண்ணீரில் இறங்காதீர்கள், கப்பல் போனபின் வரும் அலை ஆளை இழுக்கும்.

அங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் ஆல்டோனா நிலையம், பக்கத்திலேயே உங்கள் விடுதியும் பெட்டிகளும். ஆல்டோனாவில் தங்கச் சொன்னதன் பெரிய காரணம் இங்கேதான். தெற்கே போகும் நீண்டதூர ரயில்களில் பல ஆல்டோனாவிலிருந்துதான் புறப்படுகின்றன. நீண்ட வார இறுதியின் கடைசி மாலையில் மத்திய நிலையத்தில் ஏறினால் நடைபாதையில் பெட்டிமேல் உட்கார்ந்துதான் போகவேண்டியிருக்கும். ஸ்டுட்கார்ட் நண்பர்கள் டிக்கெட் எடுக்கும்போதே புறப்படும் இடமாக ஆல்டோனாவைப் போடட்டும், அப்படியே இருக்கைப் பதிவும் செய்யட்டும். பிரவுன்ஷ்வைக் இருவருக்கு அந்த வசதி இல்லை, மண்டல ரயில் மத்திய நிலையத்திலிருந்துதான். மாலை ஐந்து மணி வண்டியை விட்டு, ஏழு மணிக்குப் பிந்தையதில் ஏறுங்கள்.